ஓதிய முட்டையும் திட்டிய முட்டையும்

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரச் செல்லப்பிராணிச் சந்தையில் அன்று பாம்பு வாங்க ஆளில்லை, ஆமை வாங்க ஆளில்லை. கூட்டம் முழுக்க அங்கி போட்ட சாமியார் சகோதரர் எலெயுதேரியோவின் கடை முன்னால்தான். சிறுத்தைப் பல்லியின் முட்டைமேல் கைவைத்து அவர் ஓதினால், குஞ்சு மாம்பழ நிறத்தில் பிறக்குமாம். நம் ஆட்கள் தலையில் பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார்கள். இங்கே பல்லிக்கே ஜாதகம் எழுதிவிட்டார்கள். முன்னேற்றம்தான், வேறென்ன!

கூட்டத்தில் கிரிசெல்தாவும் நின்றாள், பெர்லா இருந்த பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. விரல் நீளக் குஞ்சாக வாங்கி, உள்ளங்கையில் வைத்து வளர்த்த பல்லி அது. உடம்பு முழுக்க மஞ்சள், கருமை துளியும் கிடையாது. அதே நிறத்து ஆணோடுதான் சேர்த்தாள். பிறந்தவையோ அத்தனையும் சாதாரணக் கரும்பட்டைக் குஞ்சுகள்!

“பக்கத்து வீட்டு ஆம்பளப் பல்லி ஏதாச்சும் வந்துட்டுப் போச்சாம்மா?” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

சகோதரர் சிரிக்கவில்லை. “இது கண்ணேறு! தாய்க்குச் சாபம் பிடிச்சிருக்கு. தாயையும் குட்டிங்களையும் இங்கயே விட்டுட்டுப் போங்க. வீட்ல வெச்சிருந்தா குடும்பத்துக்கு ஆகாது.”

இப்படி விடப்பட்ட சாபப் பல்லிகள் கடைக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக இருந்தன. அவற்றின் முட்டைகளில் பொரிந்த நிறக்குஞ்சுகள்தான் கடைக்கு முன்னால் விற்பனையில் இருந்தன. சாபம் உள்ளே போகிறது, சரக்கு வெளியே வருகிறது. என்ன தொழில், என்ன தொழில்!

“கொடுத்துடு கிரிசெல்தா,” என்றான் கணவன் உலிசெஸ். “என் தம்பிக்கு வேலை போனதே இதாலதான்.”

“உன் தம்பி மத்தியானம் வரைக்கும் தூங்கினான், வேலை போச்சு. பெர்லாவா அவனுக்குத் தாலாட்டு பாடுச்சு?”

பிறகு சகோதரர் பக்கம் திரும்பினாள். “ஐயா, அந்தக் குட்டிங்க வளந்து இப்ப ரெண்டு முட்டை போட்டிருக்கு, கொண்டாந்திருக்கேன். ஒண்ணுக்கு நீங்க ஓதுங்க. இன்னொண்ண என் வீட்டுக்காரர் தினமும் திட்டட்டும். உங்க முட்டை மட்டும் நிறமா பொரிஞ்சா பெர்லாவ எடுத்துக்குங்க. இல்லன்னா, பின்னாடி அடுக்கி வெச்சிருக்கிறதையெல்லாம் அவங்கவங்ககிட்ட திருப்பிக் கொடுத்துடணும்.”

அத்தனை பக்தர்கள் பார்க்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? சகோதரர் கண்ணை மூடி ஓதி, ஒரு முட்டையில் சிவப்புப் பொட்டு வைத்தார்.

வீட்டில் உலிசெஸுக்குத் திட்ட வாய் வரவில்லை. “பாவம், முட்டை என்ன பண்ணுச்சு?”

“உன் முதலாளிய நினைச்சுக்கோ.”

அவ்வளவுதான்! ஒரே வாரத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். திட்டி முடித்துவிட்டு அவன் மலர்ந்த முகத்தோடு வேலைக்குப் போனான். கிரிசெல்தாதான் முட்டைகளை எட்டி எட்டிப் பார்த்தாள். எந்த முட்டையிலும் நிறம் வரலாம். சிவப்புப் பொட்டு முட்டையில் மட்டும் வந்துவிட்டால் பெர்லா போய்விடும். உணவு வைக்கும்போதெல்லாம் அதைத் தடவிக்கொடுத்து அழுதாள்.

இரண்டு மாதம் கழித்து, பொரிந்த இரண்டு குஞ்சுகளையும் சந்தையில் அருகருகே வைத்தாள். ஒன்று பளிச்சென்ற மஞ்சள், ஒன்று கரும்பட்டை.

“இதுல நீங்க ஓதினது எது, ஐயா?”

சகோதரர் யோசிக்கவே இல்லை. மஞ்சள் குஞ்சைத் தூக்கிக் காட்டினார். “பாருங்க, அருள் எப்படி மின்னுது! தொட்டாலே கை சுடுது!”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. உலிசெஸ் மட்டும் நெளிந்தான்.

“ஐயா… அது நான் திட்டினதுங்க.”

“என்னது?”

“சத்தியமா! கருப்பா இருக்கே, அதுதான் உங்க பொட்டு வெச்ச முட்டை.”

அவரை அவ்வளவு நம்பிய உலிசெஸே இப்படிச் சொன்னால் எங்கே போவது? கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சகோதரர் சளைக்கவில்லை. “அப்படின்னா அருள் உன் நாக்குல இறங்கிடுச்சு, மகனே!”

“நிறம் ஓதியும் வரல, திட்டியும் வரல,” என்று கிரிசெல்தா கத்தினாள். “பெர்லாவ வித்தவங்களையும் ஆண வித்தவங்களையும் போன்ல கேட்டேன். ரெண்டும் வேற வேற வம்சம், கருப்பு வராம போன பழுதும் வேற வேற. ஒரு மிக்ஸில மோட்டார் எரிஞ்சு போச்சு, இன்னொண்ணுல பிளேடு இல்ல. ரெண்டும் ஓடாது. ரெண்டையும் சேத்தா ஒண்ணு ஓடுமில்ல? அப்படித்தான் குட்டிங்களுக்குக் கருப்பு வந்துச்சு. ஆனா அந்தப் பழுது உள்ளேயே ஒளிஞ்சிருக்கு. அடுத்த தலைமுறையில சிலதுல திரும்ப வெளிய வரும். சாபம்னு சொல்லி இவர் வாங்கி வெச்சிருக்கிறதும் அந்த மாதிரிப் பல்லிங்களத்தான்!”

கேட்டார்களோ இல்லையோ, ஜனங்கள் கடைக்குப் பின்னால் பாய்ந்து தங்கள் பெட்டிகளைத் தேடினார்கள். சகோதரர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். கிரிசெல்தா பெர்லாவை எடுத்து முத்தமிட்டாள்.

அப்போது மீசைக்காரர் ஒருவர் முட்டைப் பெட்டியோடு வந்து, உலிசெஸ் முன்னால் பணிவாக நின்றார். “அண்ணே, என் முட்டையையும் கொஞ்சம் திட்டிக் கொடுங்களேன்.”

கிரிசெல்தாவுக்கு வந்ததே கோபம்! “முட்டைய எதுக்குய்யா திட்டணும்? உன்னத்தான்யா திட்டணும்! பல்லிக்கு உள்ள என்ன இருக்குன்னு அப்புறம் பாக்கலாம், முதல்ல உன் மண்டைக்குள்ள இருக்கிறத எடுத்து வேலை வாங்கு!”