மூன்று நாளாக வீட்டில் கேத்தல் இல்லை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் விஜிதரன் அவர்களுக்கு,

டயகம தேயிலைத் தோட்டம் மேல் டிவிஷனிலிருந்து தோட்டத் தலைவர் அழகன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கச்சி தனலெட்சுமி சுகம், மாடு சுகம், மழைக்கும் குறைவில்லை. என்னைப் பற்றி விசாரிக்க வேண்டாம். கொழும்பில் நீங்களும் வீட்டாரும் நல்ல சுகத்தோடு இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் சுகமாக இருந்தால்தான் நான் கேட்கப்போவதற்கெல்லாம் பதில் சொல்ல முடியும்.

போன தீபாவளிக்கு வந்தபோது என் மகள் தனுஷிகாவைப் பார்த்து, "படிக்கிற புள்ள நாலு பேருக்கு முன்னால பேசப் பழகணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். பழகிவிட்டாள். வயது பதினேழு, ஏ.எல். படிக்கிறாள், அவளுக்கே இன்னும் ஓட்டு இல்லை. ஆனால் பிரதேச சபைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிற தையல்கடை ஷாமிலாவுக்கு எங்கள் டிவிஷனில் வலது கை இவள்தான். சின்னம் கேத்தல். நோட்டீசில் காட்டினால் வயசானவர்களுக்குக் கண் தெரியாதாம், அதனால் நம்ம வீட்டில் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற அலுமினியக் கேத்தலையே தூக்கிக்கொண்டு லயம் லயமாக, வீடு வீடாகப் போகிறாள். இருபது வருஷமாகத் தொழிற்சங்கத்துக்குத் தோட்டத் தலைவராக இருக்கிறவன் நான், எங்கள் சங்கத்து வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டு ஒரு லயத்துக்குப் போனால், என் வீட்டுக் கேத்தல் எனக்கு முன்னாலேயே அங்கே போய் எனக்கு எதிராக ஓட்டுக் கேட்டுவிட்டு வந்திருக்கிறது. காலையில் வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்றால், "தலைவரே, கேத்தல் சூடாயிருச்சா?" என்று பொம்பளைகள் சிரிக்கிறார்கள். மூணு நாளா சட்டியிலதான் தண்ணி கொதிக்குது. தேத்தண்ணியில ரச வாசம் அடிக்குது மச்சான்.

அதையாவது விடுங்க. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடந்ததுக்கு என்ன சொல்றீங்க? நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். தேர்தலுக்கு முன்னால சனத்தை மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டு, தலைவர் சொல்ற சின்னத்துக்குத்தான் ஓட்டு என்று வீட்டுக்கு ஒருத்தர் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணணும். எங்கப்பா காலத்திலிருந்து ஒரு ஆள் மீறினதில்லை. வேட்பாளர் ஐயாவும் வந்திருந்தார். நம்ம ரோட்டுல ஜீப் ஏறாதுன்னு பாலத்தடியில நிப்பாட்டிட்டு, மூச்சு வாங்க நடந்தே வந்தார். நான் மாலை போட்டு, கற்பூரத்தைக் கொளுத்தி, முதல் ஆளைக் கூப்பிடுறேன், இவ கேத்தலும் கையுமா எழும்புறா. "அப்பா, ஓட்டுப் போடுறவங்க மட்டும் ஏன் சத்தியம் பண்ணணும்? கேக்குறவங்களும் பண்ணட்டும். ரோட்டுப் போட்டுத் தர்றேன்னு ஐயா மொதல்ல அணைக்கட்டும், நாங்க எல்லாரும் பின்னால வரிசையா வர்றோம்."

சனம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "புள்ள கேக்குறது ஞாயந்தானே" என்று முன்னால உட்கார்ந்திருந்த கிழவி காளியாயி ஆரம்பிச்சா, பிறகு எல்லாரும் அதையே சொன்னாங்க. ஐயா கற்பூரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போன் வந்த மாதிரி எடுத்துக் காதில் வச்சார். கோயிலடியில சிக்னல் கிடையாதுன்னு கைப்புள்ளைக்கும் தெரியும். அவர் அப்படியே பேசிக்கிட்டே பாலம் வரைக்கும் இறங்கிப் போயிட்டார், நான் போட்ட மாலையோட. கற்பூரம் யாரும் அணைக்காம தானா எரிஞ்சு முடிஞ்சுது. எனக்கு வந்த அவமானத்தை எழுத இந்தத் தாள் போதாது.

வீட்டுக்கு வந்து, "அப்பன் மானத்த வாங்கிட்டியேடி" என்று கேட்டேன். அதுக்கு அவ சொல்றா: "போன வருஷம் கொழுந்து பறிக்கயில அம்மாவக் குளவி கொட்டுனப்ப, ஆம்புலன்ஸ் பாலத்தத் தாண்டி வரல. சாக்குல படுக்க வச்சுத் தூக்கிட்டுப் போனோம். முன்பக்கம் புடிச்சது நீங்கதானப்பா. வழி முழுக்க இந்த ரோட்ட ஏசுனதும் நீங்கதான்." பெத்த அப்பன்கிட்ட பேசுற பேச்சா இது? எனக்கு இன்னும் ஆத்திரம் வந்துச்சு. உங்கள் தங்கச்சியாவது ரெண்டு வார்த்தை ஏசுவான்னு பார்த்தேன். அவ கேத்தலைப் புளி போட்டு வெளக்கி மக கையில குடுக்குறா.

இப்போது வருகிற சனிக்கிழமை சங்கக் காரியாலயத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மகளை அடக்கு, இல்லாவிட்டால் வேறு தலைவர் பார்க்கிறோம் என்கிறார்கள். இருபது வருஷத்துப் பதவி, ஒரு அலுமினியக் கேத்தலால் போகப்பார்க்குது. ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் அவளுக்குப் போன் எடுத்து, பேசப் பழகச் சொன்ன அதே வாயால் பேசாமல் இருக்கச் சொல்லவும். தவறினால் நீங்கள் எனக்கு மச்சானும் இல்லை, நான் உங்களுக்கு மாப்பிள்ளையும் இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அம்மன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த
அழகன், தோட்டத் தலைவர்

பி.கு.: தபாலில் போடாமலே வைத்திருந்தேன், இன்றைக்குச் சனிக்கிழமை. காரியாலயத்துக்குப் போனேன். மகளை நிறுத்துவேன் என்று கற்பூரம் அணைக்கச் சொன்னார்கள். ஐயாவுக்கு வந்த அதே போன் எனக்கும் வந்தது. தலைவர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். மேலே எழுதிய பதவியை வெட்டிவிட்டு வாசிக்கவும். உங்கள் ஓட்டும் உங்கள் வீட்டம்மா ஓட்டும் இன்னும் இங்கேதான் பதிவில் இருக்கிறது, லீவு போட்டுத் தேர்தலுக்கு முதல் நாளே வந்து சேரவும். வரும்போது பெரிய கேத்தல் ஒன்று வாங்கி வரவும். நம்மதைத் தூக்கிக்கொண்டு அவள் மேல் லயங்களுக்குப் போகிறாள், கீழ் லயங்களுக்கு நான் போக வேண்டும்.