பல்லைத் தேடிப் போன இடத்தில்

அன்புத் தம்பிக்கு,

அக்கா நலமாக இருந்து எழுதுவது. நீயும் உன் குடும்பமும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் கார் கொட்டகையை ஒரே நாளில் நீ காலி செய்துவிட்டாயாம். பழைய சாமான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை என்று உன் மனைவி சொன்னாள். இந்த வயதிலாவது ஒழுங்கு வந்ததே, சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் ஒரு பொருளைத் தொலைத்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன் மாடி அறைக்கு வந்துவிடுவதாக உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை என் மேல்வரிசைப் பல்செட்டைக் காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைத்தேன். வேலைக்காரப் பெண் அதைக் குப்பைக் கூடையில் போட, வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. தப்பு அவளுடையது, ஆனால் நீ என்னைத்தான் சொல்வாய். ஆகவே குடையை எடுத்துக்கொண்டு, நம் ஊரின் சின்ன வண்டிகளெல்லாம் குப்பையைக் கொட்ட, பெரிய லாரிகள் அதை ஏற்றிப் போகும் கூடத்துக்கே போய்விட்டேன்.

"யாரும்மா நீங்க? இங்கெல்லாம் வரக் கூடாது" என்றார் மேற்பார்வையாளர். பல்லில்லாத வாயைப் பிறருக்குக் காட்டிப் பழக்கமில்லாததால், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, "என்னோட பொருள் ஒண்ணு உள்ள இருக்கு" என்றேன். "என்ன பொருள்?" "அது எனக்குத் தெரியும்" என்று சொல்லி உள்ளே நடந்தேன். பார்த்தால், குப்பைக் குவியலின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கேன், நல்ல துண்டு ஒன்றில் சுற்றியது, ஓரமாகக் கசிந்து புகைந்துகொண்டிருக்கிறது. குப்பை தள்ளும் இயந்திரத்தை ஓட்டுகிற, எல்லோரும் சிங்கம் என்று கூப்பிடும் ஆள், தண்ணீர்க் குழாயோடு வருகிறான். "தள்ளி நில்லுங்கம்மா, கழுவி விட்டுடறேன்." குடையால் தரையில் ஓங்கித் தட்டினேன். "தண்ணி ஊத்தாதே. குழாயை மூடு." கான்வென்டில் அறிவியல் நடத்திய சிஸ்டர், அமிலத்தின்மேல் தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும் என்று சொன்னதோடு செய்தும் காட்டினார், அவருடைய இடது புருவம் அப்புறம் முளைக்கவே இல்லை.

சிங்கம் என்னை மேலும் கீழும் பார்த்தான். "டேய், அம்மா வரும்போதே வாயை மூடிக்கிட்டு வந்திருக்காங்க. விஷயம் தெரிஞ்சவங்கடா." அவ்வளவுதான், அங்கிருந்த தொழிலாளர்களெல்லாம் சட்டை நுனி, துண்டு, தொப்பி என்று ஆளுக்கொன்றால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. "வண்டியை நிறுத்து. எல்லாரும் வெளிய போங்க. யாரும் அதைத் தொடக் கூடாது" என்றேன். கூடம் காலியானது. மேற்பார்வையாளரே, "அடுத்து என்ன மேடம்?" என்று கேட்டார். "இதுக்குன்னு ஆளுங்க இருப்பாங்களே, அவங்களைக் கூப்பிட மாட்டீங்களா?" என்றேன். முழு உடுப்பும் முகமூடியுமாக வந்தார்கள். ஏதோ பொடியைத் தூவி, கேனைப் பெரிய பீப்பாய்க்குள் இறக்கி மூடி எடுத்துப் போனார்கள். கார் பாட்டரிக்கு ஊற்றுகிற அமிலமாம். "தண்ணி பட்டிருந்தா இவர் கண்ணு போயிருக்கும்" என்றார் அவர்கள் தலைவர். சிங்கம் என் குடையை வாங்கித் துடைத்துக் கொடுத்தான். மேற்பார்வையாளரின் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். பிஸ்கட்டை மறுத்துவிட்டேன்.

இப்படியொரு பாதகத்தைச் செய்தவன் என் உடன்பிறப்பே ஆனாலும் இரக்கம் காட்டாமல் பிடித்து, அவன் பெயரை வாசலில் எழுதி ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பல்செட் கிடைக்கவில்லை. கொடுத்த வாக்கை மீறுகிறவள் நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்பு. தலைநிமிர்ந்தே வருவேன்.

உன் மனைவிக்கு என் ஆசிகள்.

உன் நலமே நாடும்,
அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது மேற்பார்வையாளர் வந்தார். கேனைச் சுற்றியிருந்த துண்டைக் கைபேசியில் படம் எடுத்திருந்தார். "எந்தக் கடைத் துண்டுன்னு தெரியுதா மேடம்?" பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீலக் கரை, மூலையை உள்ளே மடித்து மறைத்த கான்வென்ட் தையல். அப்படி நான் தைத்தவை இரண்டே துண்டுகள். இரண்டும் நீ புதுவீட்டுக்குக் குடிபோனபோது உன் மனைவிக்குக் கொடுத்தவை.

"சாதாரணக் கடைத் துண்டுதான்" என்று சொல்லி அவரை அனுப்பினேன். என் தையலை என் வாயாலேயே சாதாரணம் என்று சொல்ல வைத்துவிட்டாய்; அது ஆற நாளாகும். வேன் அனுப்ப வேண்டாம். இனி உன்னைத் தனியாக விட்டுவைப்பது நல்லதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயே இங்கு வந்து தங்கு. கீழறையைத் தயார் செய்து வைக்கிறேன். வரும்போது இன்னொரு துண்டையும் எடுத்து வா. அது உன்னிடம் பத்திரமாக இருக்காது.