கொண்டையூசி அண்ணையின் பதினாறு பேர்

லண்டன் மாநகரத்தில் ஒட்டகம் குறுக்கே வந்துவிடும் என்று பயந்து வண்டி ஓட்டிய ஒரே மனிதர் கொண்டையூசி அண்ணைதான். வேறு யாராவது இருந்தால் எழுதி அறிவியுங்கள், தோற்றுப்போக நான் தயார்.

தொண்ணூறுகளில் தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் குடியிருந்த எங்கள் சனத்தில் அவருடைய வெள்ளை மினிபஸ்ஸில் ஏறாதவர்கள் கிடையாது. கோயிலோ கலியாணமோ சாமத்தியவீடோ, எல்லாவற்றுக்கும் அவர்தான். லண்டனுக்கு வருமுன் ஆறு வருஷம் வளைகுடா நாடு ஒன்றில் ஜீப் ஓட்டியவர். விடிய வெளிக்கிட்டு, மணல்வெளியைத் தாண்டி, மொட்டை மலையில் ஏறும் வீதிக்கு வெள்ளைக்காரரைக் கூட்டிப் போக வேண்டும். இடத்துக்கு இடம் நிறுத்தி விளக்கம் சொல்லி, பொழுதுபடக் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். அந்த வீதியில் பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றைப் பற்றியும் அவர் சொல்லிச் சொல்லி, அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்தே போனது.

ஆள் லண்டனுக்கு வந்துவிட்டாரே தவிர, அந்த மலையை விட்டு இறங்கவில்லை. மிச்சம் புல்வெளியைத் தாண்டும்போதே மைக்கில் குரல் வரும். பதினாறு பேர் மட்டும் இருக்கும் வண்டிக்கு மைக் எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"இடக்கைப் பக்கம் வெட்டவெளி. இனி மலை வரைக்கும் தண்ணி இல்லை. எல்லாரிட்டயும் போத்தல் இருக்கோ? உயர்த்திக் காட்டுங்கோ பாப்பம்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். பட்டுச்சேலை கட்டிய மாமிமார் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலப் போத்தலை உயர்த்திக் காட்டுவார்கள். காட்டாவிட்டால் வண்டி நகராது.

விம்பிள்டன் ஏற்றம் வந்தால் இன்னும் மோசம். பாலைவன மலையில் என்ஜின் கொதித்தால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுவார்களாம். சூடு வண்டிக்குள் இறங்க, என்ஜின் தப்பிவிடும். அண்ணை எந்த ஏற்றத்தைக் கண்டாலும் ஹீட்டரைத் திறந்தார், ஆடி மாதக் கோடையிலும் திறந்தார்.

"அண்ணை, அவியுது!"

"பிள்ளை, நீங்கள் அவிஞ்சா விசிறலாம். என்ஜின் அவிஞ்சா ஆர் விசிறுறது?"

கியூ பாலத்துக்குக் கிட்ட வண்டியை ஓரங்கட்டுவார். அவருடைய கணக்கில் அது ஒன்பதாம் வளைவு. "எல்லாரும் இறங்குங்கோ. பத்து நிமிஷம் போட்டோ. இப்பிடியொரு காட்சி உலகத்தில வேற எங்கயும் இல்லை." அநேகமாகத் தேம்ஸ் ஆறு வற்றி, சேறு மட்டும் தெரிகிற நேரமாக இருக்கும். தன் கமராவால் எல்லோரையும் படம் எடுப்பார். பிறகு எங்களை ஏற்றி, முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை, வெளியே நின்று கண்ணாடிக்குள்ளால் ஒருமுறை என்று தலைகளை எண்ணுவார். நாங்கள் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரித்தவன்.

அந்தச் சிரிப்புக்கு என்னுடைய கலியாணத்தன்று பதில் கிடைத்தது. வெஸ்ட் ஈலிங்கில் மண்டபம். பதினொன்றே காலோடு முகூர்த்தம் முடிகிறது. வேட்டியும் தலைப்பாகையுமாக நான் முன்சீற்றில் இருந்தேன். நாலு நாளைக்கு முன்தான் கொழும்பிலிருந்து வந்திறங்கிய அப்பா பின்னால் இருந்தார். கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற மனிதர். எங்கள் வீட்டு விலாசமே அவருக்கு இன்னும் பாடமாகவில்லை.

முகூர்த்தமாவது மண்ணாவது, ஒன்பதாம் வளைவில் வண்டி வழக்கம்போல நின்றது. படம் எடுத்தாயிற்று, ஏறியாயிற்று. அண்ணை மூன்றுமுறை எண்ணினார்.

"பதினைஞ்சு. ஒராள் குறையுது."

குறைந்தது அப்பா.

"அண்ணர் பின்னால வந்த வீடியோக்காரன்ர காரில முன்னுக்குப் போட்டார். எடும் வண்டியை," என்றார் சித்தப்பா.

"ஏறினதை ஆர் கண்டது?"

யாரும் காணவில்லை. கைத்தொலைபேசி இல்லாத காலம், கேட்டுப் பார்க்கவும் வழியில்லை. அண்ணை என்ஜினை நிறுத்தித் திறப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"இது லண்டன் அண்ணை! உங்கட பாலைவனம் இல்லை! என்ர கலியாணத்தைக் கெடுக்காமல் எடுங்கோ!"

அவர் மைக்கைக் கீழே வைத்தார். மைக் இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தம்பி, அங்க ஒன்பதாம் வளைவில ஒரு கிழவியை விட்டிட்டுப் போனனான். மற்ற ஜீப்பில ஏறியிட்டா எண்டு ஆரோ சொல்லிச்சினம், நானும் நம்பிட்டன். உச்சிக்குப் போன பிறகுதான் ஆள் இல்லை எண்டு தெரிஞ்சது. திரும்பி வரேக்க, அந்த வெயில்ல ஒரு கல்லில இருந்து தன்ர பேரைத் தானே சொல்லிக்கொண்டிருந்தா. உயிர் தப்பிட்டா. அண்டைக்குப் பிறகு ஒருத்தரையும் நான் விட்டிட்டுப் போகேல்லை. உம்மட கொப்பரையும் விடமாட்டன்."

பதினெட்டு வளைவுகளின் கதையையும் நூறு முறை சொன்னவர், இந்த ஒன்றை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. போத்தலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையோடு ஓடினார். அந்தப் பெரிய வயிற்றோடு அவருக்கு ஓட ஏலும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இருபது நிமிஷம் கழித்து, அப்பாவைக் கையில் பிடித்தபடி வந்தார். படம் எடுத்த கையோடு ஒதுங்குவதற்கு இடம் தேடிப் போன அப்பா, வந்த வழி பிடிபடாமல் அரை மைல் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறார்.

"இந்தாள் முதல் தண்ணியைத் தந்திட்டுத்தான் கதைச்சது," என்றார் அப்பா. பிறகு மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாலிக்கொடி பத்திரமா இருக்கு," என்றார்.

தாலிக்கொடி அவரிடம் இருந்தது எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. சித்தப்பா தன் போத்தலைத் திறந்து ஒரே மூச்சில் குடித்தார்.

ஈலிங் வீதி நெரிசலில் என்ஜின் உண்மையாகவே கொதித்தது. ஹீட்டர் முழுதாகத் திறந்தது. மாமிமார் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டார்கள். மைக்கில் குரல் வந்தது: "இடக்கைப் பக்கம் மாப்பிள்ளை. நல்ல காட்சிதான், ஆனா இப்ப பாக்காதேங்கோ, வேர்த்துப் போய் இருக்கிறார்." முகூர்த்தம் முடிய நாலு நிமிஷம் இருக்கத் தாலி கட்டினேன். அப்பா பக்கத்தில் நின்றார். வீடியோவில் என் நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து கண்ணுக்குள் வழிகிறது. "ஏன் அப்பிடி அழுதனீங்கள்?" என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

அடுத்த வருஷம் அப்பா கொழும்பில் காலமானார். அண்ணை கனடாவில் மகளிடம் போனார். அவர் எழுதித் தந்த விலாசத்தை நான் தொலைத்துவிட்டேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் உண்டு.

அன்றைக்குக் கியூ பாலத்தில் அவர் எடுத்துத் தந்த படம் மட்டும் வீட்டில் இருக்கிறது. பின்னால் சேறு, முன்னால் அப்பா, அதிசயமாகச் சிரித்துக்கொண்டு. சில நாட்களில் அதை எடுத்து எண்ணிப் பார்ப்பேன். முன்னாலிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் பதினாறு பேர்தான். வண்டியில் வந்தது பதினேழு பேர். படம் எடுத்தவர் படத்தில் இல்லை. திரும்பிப் போய் அவரையும் ஏற்றிக்கொண்டு வரவேண்டும் போல இருக்கிறது.