சர்வருக்குள் புகுந்த இன்னொருவன்

குழப்பம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். மூளை அடுத்த பஸ்ஸில்தான் வந்து சேரும். (சந்தேகமிருந்தால் என் மனைவியைக் கேளுங்கள்.)

அப்போது சென்னை கம்பெனி ஒன்றின் சர்வர்களைப் பெருநகர் என்ற எங்கள் ஊரில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சர்வரிலும் ஒரு குட்டி கன்ட்ரோலர் இருக்கும். அதில் நுழைந்தால் அங்கிருக்கும் திரை இங்கே தெரியும். இங்கே தட்டினால் அங்கே எழுத்து விழும். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரே வாரம் பாக்கி.

அன்று காலை சர்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அரை நாள் லீவு போட்டு, காவாந்தண்டலத்தில் மாமனார் வீட்டு விருந்துக்கு ஓடினோம். இலையில் கறிக்குழம்பு விழும் நேரம் மேனேஜர் போன் செய்தார்.

"சர்வர் ரீஸ்டார்ட் ஆகி பாஸ்வேர்டு கேட்டு நிக்குது. சீக்கிரம் போட்டு விடுப்பா, எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்க."

மனைவியின் லேப்டாப்பில் உள்ளே நுழைந்தேன். மாமனார் பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிவந்து உட்காரவைத்தார். பாஸ்வேர்டு கட்டத்தில் நான் கை வைப்பதற்குள் புள்ளி புள்ளியாக ஓடியது. அழித்தேன். மறுபடியும் ஓடியது.

"இன்னா மாப்ள, நீங்க கைய எடுத்துட்டீங்க, அது பாட்டுக்கு எழுதிக்கினு கீது?"

"அது அப்படித்தான் மாமா" என்றேன். எப்படித்தான் என்று எனக்கே தெரியவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டதா? லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டினேன். இரண்டு சோற்றுப் பருக்கை விழுந்தது, புள்ளி நிற்கவில்லை. பயத்தில் மேனேஜருக்கு போன் அடித்து, "சார், ஹேக்கர் பூந்துட்டான்! எல்லாத்தையும் நிறுத்துங்க!" என்று கத்தினேன். நிறுத்திவிட்டார்கள், மொத்தக் கம்பெனியையும்.

பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. "சர்வர்ல ரெண்டு பேர் நுழைஞ்சிருக்காங்க. ரெண்டுமே உன் பேர்தான். காலையில தொறந்தத மூடினியா?"

வீட்டுக்கு அடித்தேன். பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டியது கூடத் தெரியவில்லை. "யம்மா, என் லேப்டாப்ப யார்னா தொட்டாங்களா?"

"அத்த யார்டா தொடப்போறா? தொறந்து போட்டுட்டுப் போய்ட்ட. தூசி படுமேன்னு பட்டன் மேல துண்டு போட்டு மூடினேன். ஃபேன் காத்துக்குப் பறந்துக்கினே இருந்துச்சி. அதான் மேல ஒரு பரங்கிக்காய வெச்சேன்."

பக்கத்து வீட்டுக்காரர் அக்கறையாகக் கேட்டார்: "எம்மாம் பெரிசும்மா?"

அம்மா காயை இறக்கினார், நான் பாஸ்வேர்டைப் போட்டேன், சர்வர் எழுந்தது. மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வேலை போகவில்லை, நிரந்தரம்தான் ஆறு மாதம் தள்ளிப்போனது. அவமானமாக இருந்தது, அழுகையே வந்தது.

வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் காவாந்தண்டலத்தில் நான் பைக்கை நிறுத்துவதற்குள் மாமனார் வாசலுக்கு வந்துவிடுவார்.

"வாங்க மாப்ள! வூட்ல யார வேலைக்கு உக்கார வெச்சிட்டு வந்தீங்க?"