லோடில் போன நாலு டஜன் பூச்சி

உலகத்தில் உள்ள எதுவும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் என்று நம்பிய ஒரே ஜீவன் எங்கள் 'தீப்பெட்டி'யாகத்தான் இருக்க வேண்டும். கொண்டை ஊசி ஒரு பெட்டியில், தலைவலி மாத்திரை ஒரு பெட்டியில், விடுதி இட்லிக்கு வீட்டு மிளகாய்ப் பொடி இன்னொன்றில். விருதுநகரில் எங்கள் சின்னக் கல்லூரியில் விலங்கியல் படித்த பெண்கள் ஒன்பதே பேர். விடுதியில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் அவளுடையது. சிவகாசியில் அவள் அப்பாவுக்குத் தீப்பெட்டிக் கம்பெனி இருந்ததால் காலிப் பெட்டிக்குக் குறைவில்லை.

அவளைப் பற்றி எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். எழுதினால் என் தப்பும் வெளியே வரும். பரவாயில்லை, குழந்தை தூங்குகிறாள், அவள் எழுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் தடவை தவளையை அறுத்த அன்று நான் மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது தீப்பெட்டி என் மூக்குக்கு நேரே ஒரு பெட்டியைத் திறந்து பிடித்திருந்தாள். உள்ளே நறுக்கின வெங்காயம். நலம் விசாரிப்பாள் என்று பார்த்தால், "தெளிஞ்சிருச்சா? அப்ப ஒன் தவளைய நான் அறுத்துக்கிடவா?" என்றாள்.

ரத்தப் பாடம் வந்த வாரம் விடுதியில் அவளிடம் ஒரு விரல் தப்பவில்லை. காப்பாளர் அம்மா விரலிலும் குத்தி, கண்ணாடிச் சில்லில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு ரத்தம் சோகையா இருக்குங்கம்மா, முருங்கைக்கீரை சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். காப்பாளர் அம்மா தனியாகச் சாப்பிடுகிற ஆள் இல்லை. ஒரு மாதம் எங்கள் எல்லோருக்கும் முருங்கைக்கீரை.

கடைசி வருஷம் அவள் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். எல்லாப் பாடத்திலும் தேறினால் மதராஸில் மேல்படிப்பு. ஒன்றில் தவறினாலும் ஆவணியில் கல்யாணம்; மாப்பிள்ளை வீடு கூடப் பார்த்து வைத்தாயிற்று. தேறுவதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொருவரும் நாலு டஜன் பூச்சிகளைப் பிடித்து, உலர்த்தி, ஊசி குத்தி, பெயர் எழுதிக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் தேர்வாளர் உட்காரவே விடமாட்டார் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் கண்ணாடிப் பெட்டி வாங்கினோம். அவள் நாற்பத்தெட்டு தீப்பெட்டிகளில் பஞ்சு பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சியைப் படுக்க வைத்தாள். பெயர் எல்லாம் உள்ளே இருந்தது. வெளியே அப்பா கம்பெனி லேபிள்.

தேர்வுக்கு முன்னால் இரண்டு நாள் படிக்கலாம் என்று என்னைச் சிவகாசிக்கு அழைத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். வீட்டுக்குக் கீழேயே இருந்த கம்பெனியில் பெண்கள் தீப்பெட்டிகளை டஜன் டஜனாகப் பண்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் லாரி. வடக்கே போகிற ஆர்டர். விருந்தாளியாகச் சும்மா உட்கார எனக்கு வெட்கம். நானும் கட்டினேன். கணக்கில் நாலு டஜன் குறைந்தது. "மாடில எதும் கெடக்கா பாரு தாயி, லோடு கெளம்பிரும்" என்றார் மூத்த பண்டல்காரம்மா. மாடிப் படியேறினேன். அலமாரியில் அதே லேபிள் போட்ட பெட்டிகள், சொல்லி வைத்தாற்போல நாலு டஜன். ஓரம் பிசகாமல் அடுக்கிக் கட்டி நானே லாரியில் ஏற்றிவிட்டேன்.

நாக்பூரிலோ கான்பூரிலோ யாரோ பீடி பற்றவைக்கப் பெட்டியைத் திறந்து, பஞ்சு மெத்தையில் லத்தீன் பெயரோடு படுத்திருக்கும் சாணிவண்டைப் பார்த்திருப்பார்.

அவள் குளித்து வந்து, விடுதியிலிருந்து கொண்டுவந்த பூச்சிப் பெட்டிகளை அலமாரியில் தேடியபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நான்தான் ஏற்றினேன் என்று சொல்லாமல் அவளோடு சேர்ந்து நானும் தேடினேன். அவள் அலமாரியைச் சாத்தினாள். அப்புறம், "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஒன்பது பேரும் விடுதிக்குப் பின்னால் இருந்த கரிசல் காட்டில் சேலையைச் செருகிக்கொண்டு பூச்சி பிடித்தோம். கரப்பானைக் கண்டால் கட்டிலில் ஏறுகிற நான் பதினொன்று பிடித்தேன். ஆனால் பூச்சியைக் கொல்லும் மருந்து ஆய்வகத்தில். ஆய்வகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்தது. நாற்பத்தெட்டும் உயிரோடுதான் மறுநாள் பரீட்சைக்குப் போயின.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்த தேர்வாளர், மேஜையில் தானாக நகர்கிற தீப்பெட்டிகளைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். மெதுவாகத் திறக்கச் சொன்னாள். அவர் மெதுவாகத் திறக்கவில்லை.

"அசையாதீங்க சார். ஒங்க தோள்ல இருக்கது வெட்டுக்கிளி, ஆர்த்தாப்டிரா வரிசை. பின்னங்கால் தொடை தடிச்சிருக்கு பாருங்க."

அடுத்த பெட்டியிலிருந்து வண்டு ஜன்னலுக்குப் பறந்தது. அது கண்ணாடியில் மோதுவதற்குள் அதன் வரிசை, குடும்பம், வாயுறுப்பு எல்லாம் சொல்லி முடித்தாள். ஆறாவது பெட்டியில் தேர்வாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பன்னிரண்டாவதில் எழுந்தே நின்றுவிட்டார். இருபதாவதைத் தொடாமல் தனக்குத் திருப்தி என்று அறிவித்தார். பிறகு குரலைத் தணித்து, உலர்த்திய தொகுப்பு ஏன் இல்லை என்று கேட்டார். பக்கத்து மேஜையில் நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"சேத்து வச்சிருந்தேன் சார். எங்க வீட்டு லோடுல ஏறிப் போயிருச்சு. என் கவனக்கொறவுதான்."

முதல் வகுப்பில் தேறினாள். அவள் அப்பா ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அன்றைக்குத்தான் நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும் புள்ள. பண்டல் கட்டுறவுக மாடிக்கே வர மாட்டாக. நீதான் எதையும் கெடந்த எடத்துல கெடக்க விடமாட்டியே."

"தெரிஞ்சும் ஏன்டி ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டிருந்தா நீ பரீச்சை எழுதியிருப்பியாக்கும்?"

எழுதியிருக்கமாட்டேன்.

இப்போது மதராஸில் யானைக்கால் நோய் பரப்பும் கொசுவை ஆராய்கிறாள். எங்கள் ஒன்பது பேர் வகுப்பிலிருந்து ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்று பக்கத்து வீடுகளில் கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய உண்மைப் பெயரை இங்கே எழுதவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே பெயரைச் சொல்லி என் மகளை ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிறேன், அது போதும்.