ஜல்தி ஆடிய ஒரே ஆட்டம்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஜல்தி ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. சாமியே எதிரில் வந்தாலும் கையில் ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தைத் திணித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடியிருப்பான். பக்கத்தில் பூ விற்கிற எனக்கு அவன் முகத்தைவிட முதுகுதான் பழக்கம்.

முன்வாசலில் ஏறி "மல்லாட்டை மல்லாட்டை" என்று ஆரம்பித்தால் பின்வாசலில் இறங்கும்வரை மூச்சு விடமாட்டான். அதைக் கேட்டு விழுப்புரத்துக் கபடி டீம்காரர் ஒருவர் பஸ்ஸை விட்டே இறங்கிவிட்டார்.

"இன்னா மூச்சுப்பா! எங்க டீமுக்கு ஆட வர்றியா? காசு குடுத்துக் கூட்டிக்கினு போறோம்."

ஜல்திக்கு வேறு கவலை. கண்டாச்சிபுரத்தில் ஒரு பெண். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. அவள் அப்பாதான், "பொட்டலம் விக்கிறவனுக்குப் பொண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டார்.

"ஆயா, பிளேயருன்னா குடுப்பாரு இல்ல?"

"நின்னு கேளுடா, சொல்றேன்."

எங்கே நின்றான்! அடுத்த பஸ் வந்துவிட்டது.

மேட்ச் அன்று பூக்கூடையோடு நானும் விழுப்புரம் போனேன். ஜல்தி போட்டிருந்த டீம் பனியன் முதுகில் என்னவோ எழுதியிருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. சிவப்பு அவனுக்கு எடுப்பாக இருந்தது. முன்வரிசையில் பெண், பக்கத்தில் உர்ரென்று அப்பா.

கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே பாய்ந்தான். ஒருத்தனைத் தொட்டான், இன்னொருத்தனைத் தொட்டான். வாய் மட்டும் பழக்கத்தில் "மல்லாட்டை மல்லாட்டை" என்று ஓடிக்கொண்டிருந்தது! அம்பயர் ஊதிய விசில் அவன் காதில் ஏறவே இல்லை. ஜெயித்த முகத்தோடு திரும்பி வந்தான்.

"யோவ், கபடின்னு சொல்லணும்யா! ஒண்ணும் செல்லாது, போ!"

"தொட்டேன்ல சார்?"

"ஜல்தி, எனக்கு ரெண்டு பொட்டலம்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"மேட்ச் முடியட்டும்ணே, சூடா தர்றேன்!"

மைதானமே உருண்டு சிரித்தது. டீம்காரர் அங்கேயே பனியனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

அப்பா துண்டை உதறி எழுந்தார். "பாத்துக்கினியாம்மா? வா, போலாம்."

பெண் எழவில்லை. "பாத்தேன்பா. இத்தினி பேரு சிரிச்சும் அவரு ஒருத்தர் மேலயும் கோவப்படல. உனக்குக் காபில சக்கரை கொறஞ்சாலே டம்ளரு பறக்குது. எனக்கு இவருதான்."

சுற்றிலும் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சும்மா இருப்பேனா? "இன்னாங்க சம்பந்தி, மல்லி எத்தினி மொழம்?" என்று நடுவில் புகுந்தேன். முறைத்தார்; ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கல்யாண மாலை நான்தான் கட்டினேன். ஜல்தி காசை நீட்டினான்.

"விக்காம மீந்த பூடா, வச்சிக்கோ" என்று தள்ளிவிட்டேன்.

விடிந்தும் விடியாமலும் தோட்டத்துக்குப் போய், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து நானே பறித்து வந்த பூ அது.