உப்பு வைத்த நாக்கு

வெள்ளேரி நாட்டை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம், கிடைக்காது. பெரிய ஏரி ஒன்று, அதன் கரைக்குக் கீழே தலைநகரம், தலைநகரத்தில் ஒரு மன்னர். மன்னரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் யாரிடமும் போய்க் குறை சொல்ல முடியாது.

அந்த நாட்டில் நேர்மை என்பது பால்பல் மாதிரி. சின்ன வயதில் இருக்கும், பிறகு விழுந்துவிடும், விழுவதுதான் இயற்கை என்று எல்லோரும் நம்பினார்கள். அதற்குச் சடங்கும் உண்டு. குழந்தைக்குப் பேச்சு வந்ததும் நாக்கில் ஒரு கல் உப்பை வைத்து, "கேட்டதற்கு உண்மையே சொல்வேன்" என்று சொல்ல வைப்பார்கள். பதினான்கு வயது முடிந்ததும் அதே நாக்கில் ஒரு துண்டு வெல்லம். அன்றோடு பிள்ளை பெரிய ஆள். இனிப் பொய் சொல்லலாம், கடை வைக்கலாம், அரசியலுக்கு வரலாம்.

பெரியவர்கள் பேச்சைப் பெரியவர்களே நம்பாததால், நாடு பிள்ளைகளை வைத்துத்தான் ஓடியது. பால்காரர் மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். "தண்ணி எவ்வளவு பாப்பா?" என்று கேட்டால், "இன்னைக்குக் கால்வாசி" என்பாள் அவள். அதற்கேற்ப விலை கொடுப்பார்கள். மருந்துக் கடையில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். நீதிமன்றத்திலும் உப்பு நாக்கின் சாட்சி மட்டுமே செல்லும்.

ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்தது. கீழத்தெரு முழுவதும் போய்விட்டது. பிணங்களை எடுத்து முடிப்பதற்குள் அமைச்சர் விருத்தகிரி குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். மதகுக் காவலர் மாடப்பன். மதகைச் சரியாகத் திறக்காததால் கரை உடைந்ததாம். தூக்குத் தண்டனை கேட்டார்கள்.

மாடப்பனுக்குத் தாயில்லாத பிள்ளைகள் இரண்டு பேர். பன்னிரண்டு வயது வடிவு, நாலு வயது பொன்னன். வடிவு தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். அமைச்சரின் மைத்துனருடைய வண்டிகள் கரையை வெட்டி மண் அள்ளிக்கொண்டிருந்தன. எல்லாம் அவருடைய செங்கல் சூளைக்கு.

"நான் சொல்றேன்ப்பா. நீ பயப்படாத. என் நாக்குல இன்னும் உப்பு இருக்கு" என்றாள் சிறைக் கம்பிக்கு வெளியே நின்று.

செய்தி அரண்மனைக்குப் போனது. மறுநாளே ஆணை வந்தது.

"நம் பிள்ளைகள் முன்பு போல் இல்லை, மன்னா. வெகு சீக்கிரம் முதிர்ச்சி அடைகிறார்கள்" என்றார் விருத்தகிரி. "இளைய தலைமுறைக்கு நாம் அளிக்கும் கௌரவமாக, வெல்லம் வைக்கும் வயதைப் பத்தாகக் குறைக்கலாம்."

"கௌரவம் என்றால் செய்துவிடுங்கள்" என்றார் மன்னர்.

வடிவு பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு சேவகர்கள் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் வெல்லத்தை வாயில் திணித்தார். அவள் துப்பினாள்.

"துப்பிட்டா சார்."

"நாக்குல பட்டா போதும்யா. முழுங்கணும்னு சட்டத்துல இல்ல."

பெரிய ஆள் ஆகிவிட்டதால் வேலைக்கும் போகலாம் என்றார்கள். அவளுக்கு வேலை கிடைத்தது அதே செங்கல் சூளையில். பால்காரரின் மகள் பதினொரு வயதுக்காரி. அன்று முதல் அவள், "தண்ணியே இல்லீங்க, சுத்தமான பால்" என்றாள். அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார்.

வண்டிகளைப் பார்த்தவன் இன்னொருவன் இருந்தான். ஆடு மேய்க்கும் நல்லான், எட்டு வயது. அவன் சாட்சி சொல்ல வருகிறான் என்றதும் வயது ஐந்தாகக் குறைந்தது. இந்த முறை அரண்மனை வாசலில் வாண வேடிக்கைகூட இருந்தது. மருந்துக் கடைப் பையனுக்கும் வெல்லம் வைத்தாயிற்று. காய்ச்சல் மருந்து என்று விற்ற சுண்ணாம்புப் பொடியை வாங்கிப்போனவர்கள் அதையே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளத்தில் தப்பிய பிள்ளைகள் காய்ச்சலில் போனார்கள். எந்தப் பொடி மருந்து என்று சொல்ல நாட்டில் ஒரு நாக்கு இல்லை.

மிச்சம் இருந்தது பொன்னன்.

"நாலாகக் குறைத்துவிடலாமா?" என்று மன்னரே கேட்டார். அவருக்கும் பழகிவிட்டது.

"வேண்டாம், மன்னா" என்றார் விருத்தகிரி. "ஒரு சாட்சிகூட இல்லாமல் தூக்கிலிட்டால் உலகம் நம்மை என்ன சொல்லும்? அந்தக் குழந்தை வரட்டும். கேள்விகளை நான் கேட்கிறேன்."

வடிவு சூளைச் சாம்பலோடு வீட்டுக்கு வந்து தம்பிக்குத் தலை வாரிவிட்டாள்.

"நாளைக்கு உன்னைக் கேப்பாங்க. பயப்படாம உண்மையச் சொல்லணும், என்ன?"

"வண்டி பாத்தேன்னு சொல்லவாக்கா?"

"கேப்பாங்க, சொல்லு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். குறுக்க பேசுனா பொய்யின்னு தள்ளிடுவாங்க. உப்பு வெச்சப்ப சொன்னியே, அதேதான்."

அவளுக்கும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மன்றத்தில் பொன்னனை ஒரு முக்காலியின் மேல் நிறுத்தினார்கள். அப்பாவைப் பார்த்ததும் சிரித்தான். விருத்தகிரி குனிந்து, பேரனிடம் பேசுவது போலக் கேட்டார்.

"ஏரி மதகை யாருப்பா திறப்பாங்க?"

"எங்கப்பா!"

"வேற யாராச்சும் திறப்பாங்களா?"

"இல்ல. எங்கப்பா மட்டுந்தான். எங்கப்பாவுக்குத்தான் அது தெரியும்." பையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"மழை பெஞ்ச அன்னைக்கு அப்பா எங்க இருந்தாரு?"

"மதகுல."

"கேள்வி முடிந்தது" என்றார் விருத்தகிரி.

"வண்டியக் கேளுங்கய்யா! அவன்கிட்ட வண்டியப் பத்திக் கேளுங்க!" பின்னாலிருந்து வடிவு கத்தினாள்.

நீதிபதி தலையைத் தூக்கினார். "வெல்லம் உண்டவர்கள் மன்றத்தில் பேசக் கூடாது." அவளை வெளியே இழுத்துப் போனார்கள். பொன்னன் அக்காவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு, யாரும் ஒன்றும் கேட்கவில்லையே என்று மூடிக்கொண்டான்.

மாடப்பனைத் தூக்கிலிட்ட அன்றே பொன்னனுக்கு நேர்மைப் பதக்கம் கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அப்பா வந்தால் காட்ட வேண்டும் என்று மதகுப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு வருடம் கழித்து வெள்ளேரி நாட்டுப் பள்ளிகளுக்குப் புதிய பாடப் புத்தகம் வந்தது. முதல் பாடம், பெற்ற தகப்பன் என்றும் பாராமல் உண்மை பேசிய உத்தமச் சிறுவன். முக்காலியின் மேல் ஒரு பையன் நிற்கும் படம். மன்னர் கைதட்டுகிறார்.

டீச்சர் வாசித்து முடித்துவிட்டுக் கேட்டார். "இந்தப் பாடத்துலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"எப்போதும் உண்மையே பேச வேண்டும்!" வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். ஆறு வயது.

"டீச்சர், அந்தப் பையன்கிட்ட வண்டியப் பத்தி ஏன் யாரும் கேக்கல?"

"எந்த வண்டி?"

"மண்ணு அள்ளுன வண்டி. நான் பாத்தேன்."

கரை உடைந்த அன்று கீழத்தெருவில் டீச்சருடைய அம்மாவும் வெள்ளத்தில் போயிருந்தாள். கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டார்.

"பொன்னா, உனக்குத்தான் போன வருஷமே வெல்லம் வெச்சாச்சேடா. நீ சொன்னா யாரு நம்புவாங்க? உக்காரு."

அவன் உட்கார்ந்தான். அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார் டீச்சர்.